அதுவேயா, அதுபோலவா?

திருநெல்வேலி வட்டாரத்து ஊர்ப் பெயர்கள் அடங்கிய நீண்ட கோப்பு ஒன்றை அலைபேசியில் திறக்கிறீர்கள். அதில் கங்கைகொண்டான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேடல் பெட்டியில் பெயரை அடித்தால் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. நம்பிக்கை இல்லாமல் விரலால் தள்ளிக்கொண்டே போனால், பாதி வழியில் கங்கைகொண்டான் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. நீங்கள் அடித்ததும் அதேதான், அங்கே இருப்பதும் அதேதான். கணினிக்கு மட்டும் இரண்டும் வேறு.

அலுவலகங்களில் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று விண்ணப்பம் திரும்பி வரும்போதும் இதே திகைப்புதான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு ஏன் இரண்டாகத் தெரிகிறது? பிழையைக் கணினியின் தலையில் கட்டிவிடுவது எளிது. ஆனால் அது தன்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. நாம் என்ன கேட்டோம் என்பது நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள நான்கைந்து படி ஏற வேண்டும்.

இரண்டு சீட்டுகள்

நெல்லையிலிருந்து வடக்கே கோவில்பட்டிக்குப் போகும் பேருந்தை எடுத்துக்கொள்வோம். வழியில் சிமெண்ட் ஆலை இருக்கும் தாழையூத்து வரும். அடுத்து, சிப்காட் தொழிற்பேட்டையும் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் அமைந்த கங்கைகொண்டான். பிறகு, 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு. கடைசியில் கடலைமிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டி. சிறு நிறுத்தங்களை விட்டுவிட்டால் ஐந்து ஊர்கள்:

திருநெல்வேலி, தாழையூத்து, கங்கைகொண்டான், கயத்தாறு, கோவில்பட்டி.

இந்தப் பெயர்களை இரண்டு பேர் தனித்தனியாகக் கணினியில் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் ஏற்றியது முதல் சீட்டு, அடுத்தவர் ஏற்றியது இரண்டாம் சீட்டு. இரண்டும் சமமா? இந்த அத்தியாயம் முழுக்க நாம் கேட்கப்போவது இந்த ஒரே கேள்வியைத்தான்.

இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலானவை ‘பொருள்நோக்கு நிரலாக்கம்’ என்ற முறையில் எழுதப்படுபவை. இதில் தரவு செத்த எழுத்தாகக் கிடப்பதில்லை. பேருந்து, பயணி, பயணச்சீட்டு என்று ஒவ்வொன்றும் ஒரு ‘பொருள்’. தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே வைத்துக்கொண்டு, கேட்டால் பதிலும் சொல்லும். பல பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் பொருளுக்குத் ‘தொகுப்பு’ என்று பெயர். நம் சீட்டுகள் இரண்டும் தொகுப்புகள். “நீ அந்தச் சீட்டுக்குச் சமமா?” என்று முதல் சீட்டிடமே கேட்கலாம். பதில் சொல்வது அதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வில்லங்கம் இதிலிருந்துதான் கிளம்பப்போகிறது.

‘அதே’ என்ற சொல்லின் இரண்டு முகம்

“அக்கா எடுத்த அதே சேலை எனக்கும் வேணும்” என்கிறாள் தங்கை. “நேத்துக் கட்டுன அதே சேலையோட வந்திருக்கா” என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டிலும் ‘அதே’தான். ஆனால் தங்கை கேட்பது அதுபோல இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரி சொல்வது சாட்சாத் அந்தச் சேலை. வாழ்க்கையில் இந்தக் குழப்பம் வருவதில்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். கணினிக்கு இடம் பார்க்கத் தெரியாது. அதற்கு இரண்டு தனிக் கேள்விகள் வேண்டும்.

‘அதுவே’ சோதனை: இரண்டு பெயர்களும் கணினி நினைவகத்தில் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பொருளைத்தான் சுட்டுகின்றனவா? 

‘அதுபோல்’ சோதனை: இடம் எதுவானாலும் உள்ளடக்கம் ஒத்துப்போகிறதா?

நம் சீட்டுகளை இரண்டு பேர் தனித்தனியே ஏற்றினார்கள். நினைவகத்தில் இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. ஆகவே ‘அதுவே’ சோதனையில் தோற்கும், ‘அதுபோல்’ சோதனையில் தேற வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ‘சமமா?’ என்று பொதுவாகக் கேட்டால் எந்தச் சோதனையைச் செய்வது என்பதில் நிரல்மொழிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. இரட்டைச் சமக்குறி போட்டு இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டால், பைத்தான் உள்ளே திறந்து பார்த்து ‘சமம்’ என்கிறது. அதே இரட்டைச் சமக்குறி ஜாவாவில் ‘அதுவே’ சோதனை, எனவே ‘இல்லை’ என்கிறது. ஜாவாவில் உள்ளடக்கம் பார்க்க ‘ஈக்வல்ஸ்’ என்ற தனிக் கட்டளை உண்டு. சி ஷார்ப் மொழியின் வழக்கமான பட்டியலிலோ ‘ஈக்வல்ஸ்’ என்று கேட்டாலும் ‘அதுவே’ சோதனைதான். உள்ளடக்கம் பார்க்க ‘சீக்வென்ஸ் ஈக்வல்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். ஒரு மொழியில் பழகியவர் இன்னொரு மொழிக்குப் போனதும் தடுக்கி விழும் இடம் இது.

ஆச்சியும் பைபாஸ் ரைடரும்

‘அதுபோல்’ என்று முடிவு செய்துவிட்டோம். எதில் அதுபோல்?

நெல்லைப் பேருந்து நிலையத்தில் ‘கோவில்பட்டி’ பலகையோடு இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஓர் ஆச்சி முதல் வண்டியின் படியில் கால் வைத்தபடி கேட்கிறார்: “கங்கைகொண்டான் நிக்குமாய்யா?” நடத்துநர் சொல்கிறார்: “இது பைபாஸ் ரைடர் ஆச்சி, நிக்காது. பின்னால நிக்குற வண்டில ஏறுங்க.” கோவில்பட்டிக்குப் போகிறவருக்கு இரண்டு வண்டியும் சமம். ஆச்சிக்குச் சமமில்லை. வண்டிகள் மாறவில்லை, கேட்பவரின் தேவை மாறியது. ‘சமமா?’ என்பது பாதிக் கேள்விதான். ‘எதற்காகப் பார்க்கிறாய்?’ என்ற மறுபாதி சேர்ந்தால்தான் விடை வரும். நிரலாளர்கள் இந்த மறுபாதியை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள்.

முதல் வகை ‘பட்டியல்’. இதில் வரிசை முக்கியம். திரும்பி வரும் பேருந்தும் அதே ஐந்து ஊர்கள் வழியாகத்தான் வருகிறது, ஆனால் கோவில்பட்டியில் தொடங்கித் திருநெல்வேலியில் முடிகிறது. பட்டியலாகப் பார்த்தால் போகும் வண்டியும் வரும் வண்டியும் சமமில்லை. முதலாவதுக்கு முதலாவது, இரண்டாவதுக்கு இரண்டாவது என்று ஒவ்வோர் இடமும் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாவது வகை ‘கணம்’. பள்ளிக் கணக்கில் படித்த அதே கணம்தான். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது மட்டுமே கேள்வி. வரிசையும் இல்லை, ஒருவரை இரண்டு முறை எண்ணுவதும் இல்லை. ‘இந்தத் தடத்தில் எந்தெந்த ஊருக்குப் பேருந்து வசதி உண்டு?’ என்று கேட்டால் போகும் வண்டியும் வரும் வண்டியும் சமம்.

மூன்றாவது வகையைப் ‘பை’ என்று அழைப்போம். வரிசை பார்க்காது, ஆனால் எண்ணிக்கை பார்க்கும். நடத்துநரின் கணக்கு இந்த வகை. எந்த ஊருக்கு எத்தனை சீட்டு விற்றது என்பதுதான் முக்கியம், எந்தச் சீட்டை முதலில் கிழித்தார் என்பது முக்கியமில்லை.

கணக்கு உதைக்கும் இடம்

பையை ஒப்பிடுவதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். இரண்டு நாள் விற்பனையை எடுத்துக்கொள்வோம்.

முதல் நாள்: கயத்தாறு, கயத்தாறு, தாழையூத்து.
இரண்டாம் நாள்: கயத்தாறு, தாழையூத்து, தாழையூத்து.

ஒரு நிரலாளர் இப்படி யோசிக்கிறார்: ‘முதல் நாள் இருக்கும் ஊரெல்லாம் இரண்டாம் நாளிலும் இருக்கிறதா?’ இருக்கிறது. ‘இரண்டாம் நாள் இருப்பதெல்லாம் முதல் நாளிலும் இருக்கிறதா?’ அதுவும் இருக்கிறது. ‘மொத்தச் சீட்டு எண்ணிக்கை?’ அங்கும் மூன்று, இங்கும் மூன்று. மூன்று கேள்விக்கும் ‘ஆம்’ வந்ததால் இரண்டும் சமம் என்று முடிவு கட்டிவிடுகிறார். ஆனால் முதல் நாள் கயத்தாற்றுக்கு இரண்டு பேர் போனார்கள், இரண்டாம் நாள் ஒருவர்தான். கயத்தாற்றுக்கும் தாழையூத்துக்கும் கட்டணம் வேறு. சாயங்காலம் பணத்தை எண்ணும்போது கணக்கு உதைக்கும்.

அவர் கேட்ட முதல் இரண்டு கேள்விகளும் கணத்துக்கு உரியவை. உறுப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், எத்தனை என்று பார்க்காது. மூன்றாவது கேள்வி மொத்தத்தை மட்டும் பார்த்தது. பையைச் சரியாக ஒப்பிட இரண்டு வழி உண்டு. இரண்டு பக்கத்தையும் அகர வரிசையில் அடுக்கிவிட்டுப் பட்டியலாக ஒப்பிடலாம். அல்லது ஊருக்கு ஊர் கோடு போட்டு எண்ணி, எண்ணிக்கைகளை ஒப்பிடலாம். பைத்தானில் இப்படி எண்ணித் தரும் ‘கவுண்டர்’ என்ற தொகுப்பு கூடவே வருகிறது. பழைய ஸ்மால்டாக் மொழியில் ‘பேக்’ என்றே ஒரு வகை இருந்தது. ஜாவாவின் அடிப்படைத் தொகுப்புகளில் பை கிடையாது, வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். கைக்கு எட்டும் இடத்தில் சரியான வகை இல்லாததால்தான் பலர் பட்டியலையும் கணத்தையும் வைத்து ஒப்பேற்றப் பார்க்கிறார்கள்.

ஒப்புக்கொள்ள வேண்டிய மூன்று நிபந்தனைகள்

சமம் என்பதை நாமே வரையறுக்கலாம் என்றால், மனம் போனபடி வரையறுக்கலாமா? முடியாது. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணக்குப் புத்தகத்தில் ‘சமானத் தொடர்பு’ என்று ஒரு பாடம் வரும். தற்சுட்டு, சமச்சீர், கடப்பு என்று மூன்று நிபந்தனைகளை மனப்பாடம் செய்திருப்போம். நிரலாளர்களுக்கு அவை நாள்தோறும் தேவைப்படுகின்றன.

தற்சுட்டு: எந்தப் பொருளும் தனக்குத் தான் சமம்.

சமச்சீர்: இது அதற்குச் சமம் என்றால் அதுவும் இதற்குச் சமம். இது சொல்லவே வேண்டாத விஷயமாகத் தோன்றும். ஆனால் பதில் சொல்வது பொருள்தான் என்று முன்பே பார்த்தோம். இரண்டு பொருள்கள் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை என்றால், சாட்சி சொல்ல இரண்டு பேர் வருகிறார்கள், ஆளுக்கொரு விதியோடு. ஜாவாவில் நாளையும் நேரத்தையும் குறிக்கும் ‘டேட்’, அதிலிருந்து பிறந்த ‘டைம்ஸ்டாம்ப்’ என்று இரண்டு வகைகள் உண்டு. டேட்டிடம் கேட்டால் ‘நாங்கள் சமம்’ என்று சொல்லக்கூடும். அதே ஜோடியில் டைம்ஸ்டாம்பிடம் கேட்டால் ‘இல்லை’ என்கிறது. ஜாவாவின் ஆவணமே இதை ஒப்புக்கொண்டு எச்சரிக்கிறது. தொகுப்புகளில் இந்த வில்லங்கமே வேண்டாம் என்று ஜாவா கறாராக ஒரு கோடு கிழித்துவிட்டது: பட்டியல் பட்டியலுக்கு மட்டுமே சமமாகலாம், கணம் கணத்துக்கு மட்டுமே. கயத்தாறு என்ற ஒரே ஊர் கொண்ட பட்டியலும், கயத்தாறு என்ற ஒரே ஊர் கொண்ட கணமும்கூடச் சமமில்லை.

கடப்பு: முதலாவது இரண்டாவதுக்குச் சமம், இரண்டாவது மூன்றாவதுக்குச் சமம் என்றால், முதலாவது மூன்றாவதுக்கும் சமம். ‘ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் ஒரே நேரம்தான்’ என்று ஒருவர் தாராளமாக விதி செய்கிறார். 8.00 மணி வண்டியும் 8.04 வண்டியும் சமம். 8.04 வண்டியும் 8.08 வண்டியும் சமம். 8.00 வண்டிக்கும் 8.08 வண்டிக்கும் எட்டு நிமிட இடைவெளி, எனவே சமமில்லை. இந்த மூன்று நேரங்களையும் ஒரு கணத்தில் போட்டால் எத்தனை தங்கும்? எதை முதலில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். 8.04 முதலில் வந்தால் ஒன்று, 8.00 முதலில் வந்தால் இரண்டு. பேச்சு வழக்கில் பரவாயில்லை, நிரலில் இது ஆபத்து.

பின்கோடு செய்யும் உதவி

ஐந்து ஊரை ஒப்பிடுவது கணினிக்குக் கண் சிமிட்டும் வேலை. ஐந்து லட்சம் சீட்டுகளுக்குள் நம் சீட்டுக்குச் சமமானது எது என்று தேடச் சொன்னால், ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க நேரம் பிடிக்கும். அஞ்சல் துறை இதைப் போன்ற சிக்கலுக்கு 1972 ஆகஸ்ட் 15 அன்று ஒரு வழி கொண்டுவந்தது. ஆறு இலக்கப் பின்கோடு. 627 என்று தொடங்கினால் நெல்லைப் பக்கம். முழு முகவரியைப் படிக்காமலே கடிதத்தை உரிய அறையில் போட்டுவிடலாம். கடைசியில் தபால்காரர் முகவரியைப் படித்தால் போதும்.

தொகுப்புகளுக்கும் இப்படி ஓர் எண் போடுகிறார்கள். ‘ஹாஷ்’ என்பார்கள், நாம் ‘சுருக்கெண்’ என்போம். ஒரே பின்கோட்டில் ஆயிரம் வீடு இருக்கலாம், அதனால் பின்கோடு ஒன்று என்பதற்காக வீடு ஒன்று ஆகாது. ஆனால் ஒரே வீட்டுக்கு இரண்டு பின்கோடு இருக்கவே கூடாது. சுருக்கெண்ணுக்கும் இதே விதி: சமமான பொருள்களுக்குச் சுருக்கெண் ஒன்றாகவே இருந்தாக வேண்டும்.

வரிசை பார்க்கும் பட்டியலுக்கும் பார்க்காத கணத்துக்கும் ஜாவா சுருக்கெண் போடும் விதத்தைப் பார்த்தால் இந்த விதி எவ்வளவு நேர்த்தியாகக் காப்பாற்றப்படுகிறது என்பது தெரியும். தாழையூத்துக்கு 1, கங்கைகொண்டானுக்கு 2 என்று எண் கொடுத்திருப்பதாகக் கொள்வோம். கணம் வெறுமனே கூட்டுகிறது. எந்த ஊரிலிருந்து தொடங்கினாலும் 3. பட்டியல் 1இல் தொடங்கி, ஒவ்வோர் ஊருக்கும் கையிலிருக்கும் எண்ணை 31ஆல் பெருக்கி அந்த ஊரின் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறது. தாழையூத்து முதலில் வந்தால் 32, அடுத்து 994. கங்கைகொண்டான் முதலில் வந்தால் 33, அடுத்து 1024. வரிசை மாறியது சுருக்கெண்ணிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒரு சீட்டை இப்படி அறை பார்த்துப் போட்ட பிறகு, அதில் யாராவது ஓர் ஊரைச் சேர்த்துவிட்டால்? அறைக்குள் கிடக்கும் கடிதத்தின் பின்கோட்டைத் திருத்தியது போலாகும். தேடுபவர் புதிய எண்ணுக்குரிய அறைக்குப் போவார், கடிதமோ பழைய அறையில் கிடக்கும். உள்ளே இருந்தும் இல்லாததாகிவிடும். பைத்தான் இதற்கு இடமே கொடுப்பதில்லை. திருத்தக்கூடிய பட்டியலைக் கணத்துக்குள் போட முயன்றால் அப்போதே மறுத்துவிடும்.

ஒற்றைக்கொம்பும் காலும்

இப்போது நம் இரண்டு சீட்டுகளையும் ஒப்பிடலாம். பட்டியலாகப் பார்க்கிறோம், உள்ளடக்கம் பார்க்கிறோம், வரிசையும் ஒன்றுதான். கணினி ‘சமமில்லை’ என்கிறது. மூன்றாவது ஊரும் ஐந்தாவது ஊரும் பொருந்தவில்லையாம்.

சீட்டு என்பது பெயர்களின் தொகுப்பு. பெயர் என்பதும் ஒரு தொகுப்புதான், எண்களின் பட்டியல். கங்கைகொண்டான் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எண்ணினால் ஏழு எழுத்து: க, ங், கை, கொ, ண், டா, ன். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு வேறு மாதிரி எண்ணுகிறது. ‘க’வுக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண், கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி எண். அந்தக் கணக்கில் ‘க’ மட்டும் ஒன்று, மற்ற ஆறும் இரண்டிரண்டு, ஆக மொத்தம் 13 எண்கள்.

‘கொ’வில்தான் இருக்கிறது சூட்சுமம். ஒகரக் குறிக்கு யூனிகோடில் தனியாக ஓர் எண் உண்டு. ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகவும் அதை எழுதலாம். பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி விசைகளில் இருந்தன. அந்தப் பழக்கத்தில் உருவான கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது இரண்டாகப் பிரிந்த வடிவம் நுழைந்துவிடுவதுண்டு. அப்படி எழுதினால் அதே கங்கைகொண்டானுக்கு 14 எண்கள். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும். பட்டியல் ஒப்பீட்டில் 13 உறுப்புள்ளதும் 14 உறுப்புள்ளதும் எப்படிச் சமமாகும்? கோவில்பட்டியின் ‘கோ’வும் இரட்டைக்கொம்பு, கால் என்று இப்படியே பிரியும். திருநெல்வேலி, தாழையூத்து, கயத்தாறு மூன்றிலும் இந்த வகைக் குறி இல்லாததால் அவை தப்பின.

இந்த இரண்டு வடிவங்களும் சமம் என்று யூனிகோடு தரநிலையே விதித்திருக்கிறது. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையும் உண்டு, ‘இயல்பாக்கம்’ எனலாம். ஜாவாவும் பைத்தானும் தாமாக இதைச் செய்யாது, நிரலாளர் கேட்டால்தான் செய்யும். ஆப்பிள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி, கேட்காமலே இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்கிறது. கங்கைகொண்டானில் எத்தனை எழுத்து என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலவே ஏழு என்கிறது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றுக்கொண்ட ‘டேஸ் 16’ குறியேற்றம், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே எண் கொடுத்து, இந்தப் பிரிவினையே வராமல் பார்த்துக்கொள்கிறது.

இயல்பாக்கிய பிறகு நம் சீட்டுகள் இரண்டும் சமமாகின்றன, அலைபேசியின் தேடலிலும் கங்கைகொண்டான் கிடைத்துவிடுகிறது. ஆனால் ‘ஔவையார்’ கிடைக்காமல் போகலாம். ‘ஔ’ தெரியாமல் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து அடித்து ஒப்பேற்றுபவர்கள் ஏராளம். இரண்டையும் சமமாக்கிவிடலாமே என்று தோன்றும். ஆக்கினால் ‘ஒளி’ என்ற சொல் என்ன ஆகும்? அதிலும் ‘ஒ’வுக்கு அடுத்து ‘ள’தானே இருக்கிறது. யூனிகோடு அந்தப் பக்கமே போகவில்லை.

தாமிரபரணிக் கரையில் கீழே போனால் ஸ்ரீவைகுண்டம். அந்த ‘ஸ்ரீ’யை ‘ஸ’ வைத்துத் தொடங்கியும் எழுதலாம், யூனிகோடில் 2005இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’ வைத்துத் தொடங்கியும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, இயல்பாக்கமும் இவற்றைச் சேர்த்துவைக்காது. இரண்டும் ஒரே ஊர்தான் என்று கணினிக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். அந்த ஊருக்குப் பேருந்து ஏறிய ஒருவர் நிரல் எழுத உட்கார்ந்தால் அது நடக்கும்.